பத்தரை வரை வாசலில்

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. வைத்தி பால்கனியில் நின்று கூலருக்குள் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மயூர் விஹாரில் குழாய் மனசு வைப்பது காலையில் கொஞ்ச நேரம்தான். அதற்குள் கூலருக்கு ஊற்றி, டிரம்மை ரொப்பி, முடிந்தால் தானும் குளித்துவிட வேண்டும். சொசைட்டியில் பணம் கட்டி வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய ஃப்ளாட் என்பதால் குறை சொல்லவும் வாய் வராது. அந்த நேரத்தில்தான் கீழே ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்தி, அண்ணாந்து பார்த்து, "வைத்தியநாதன் சார் வீடு இதுதானுங்களா?" என்று கேட்டார். வைத்தி மேலே வரச் சொல்லிக் கையைக் காட்டினார். யார், என்ன என்று கேட்கவில்லை. டில்லியில் பாதி ஆயுளைக் கழித்தவர்களுக்கு இது ஒரு வியாதி. தமிழ்க் குரல் கேட்டால் முதலில் கதவைத் திறப்பார்கள், அப்புறம்தான் பெயரைக் கேட்பார்கள்.

வந்தவர் மாணிக்கவாசகம். ஈரோட்டுப் பக்கத்துக்காரர். விமானக் கம்பெனியில் பயணிகள் பிரிவு அதிகாரி. எந்தக் கம்பெனியின் மேல் வைத்தி நுகர்வோர் மன்றத்தில் புகார் கொடுத்திருந்தாரோ, அதே கம்பெனி. இது தெரியவந்தபோது மாணிக்கவாசகத்தின் கையில் வைத்தியின் மனைவி மீனாக்ஷி கொடுத்த காப்பி டம்ளர் ஏறிவிட்டது. காப்பியைக் கொடுத்துவிட்டு ஒருத்தரை எழுந்து போகச் சொல்ல வைத்திக்கு வரவில்லை. பனியனோடு நிற்கிறோமே என்று உள்ளே போய் ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

விஷயம் போன ஆவணியில் நடந்தது. மாயவரத்தில் அக்கா தங்கத்தின் ஒரே பெண் ஜலஜாவுக்குக் கல்யாணம். வைத்தி ஒருவர்தான் தாய்மாமன். மாலை மாற்றும்போது பெண்ணைத் தோளில் தூக்க வேண்டியவர், மாமன் புடவையைத் தன் கையால் கொடுக்க வேண்டியவர். ஆனால் அவருக்கு வேலை அமைச்சகத்தில் பார்லிமெண்ட் செக்‌ஷனில். கூட்டத்தொடர் நடக்கும்போது அங்கே லீவு கேட்பது, பந்தி நடுவில் பரிசாரகன் லீவு கேட்பது மாதிரி. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு முன்னால் விடமாட்டார்கள் என்று தெரிந்ததால், சனிக்கிழமை மெட்ராஸ் விமானத்துக்கு முன்கூட்டியே டிக்கெட் வாங்கி வைத்தார். வாழ்க்கையில் முதல் விமானம். டிக்கெட்டில் இடம் உறுதி என்பதற்கு 'ஓகே' என்று போட்டிருந்ததை ஆபீஸில் நாலு பேரிடம் காட்டி வேறு வைத்தார். மத்தியானம் மெட்ராஸ், எழும்பூரில் ரயில், ஞாயிறு விடியும்போது மாயவரம், அன்று காலையிலேயே முகூர்த்தம். கணக்கில் ஒரு ஓட்டையும் இல்லை.

ஓட்டை ராகு காலத்தில் இருந்தது. சனிக்கிழமை ராகு காலம் ஒன்பதிலிருந்து பத்தரை வரை. வைத்தி வீட்டைவிட்டுக் கிளம்பியது நல்ல நேரத்தில்தான். ஆனால் பஸ் ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டபோது ஒன்பது அடித்துவிட்டது. மீனாக்ஷி கிளம்பும்போதே சொல்லியிருந்தாள். "பெட்டியில மங்கலப் புடவை இருக்கு. ராகு காலத்துல அதை இன்னொருத்தர் கையில குடுக்கப்படாது. பத்தரை வரைக்கும் வெளியில உக்காந்துட்டு உள்ள போங்கோ." வைத்திக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் கல்யாணக் காரியம், நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் பேச்சு வரும். மெட்ராஸில் அச்சடித்த காலண்டரைப் பார்த்து டில்லியில் ராகுவுக்குப் பயப்படலாமா என்று விசாரிக்கிற வேளையும் அது இல்லை. வாசலில் ஒரு பெஞ்சில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசை நீண்டதையும் குறைந்ததையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பத்தரைக்கு எழுந்து உள்ளே போனார். கவுண்டர் மூட இன்னும் கால் மணி இருந்தது. அங்கே இருந்த பெண் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, சீட் இல்லை, எல்லாம் கொடுத்தாகிவிட்டது என்றாள். ஓகே போட்ட டிக்கெட்டுக்குச் சீட் இல்லையென்றால் அந்த ஓகேவுக்கு என்ன அர்த்தம் என்று வைத்தி இங்கிலீஷில் கேட்டார், ஹிந்தியில் கேட்டார், கோபம் வந்தபோது தமிழிலும் கேட்டார். யாரோ பெரிய இடத்து மனிதர்கள் கடைசியில் வந்து சேர்ந்து, அவர்களுக்காகச் சிலரைத் தள்ளிவிட்டார்கள் என்று பக்கத்தில் மூட்டை தூக்குகிறவன் சொன்னான். டியூட்டி ஆபீசர் வருவதற்குள் விமானமும் போயிற்று. அவர்கள் புத்தகத்தில் வைத்தியின் பெயருக்கு நேரே 'தாமதமாக வந்தவர்' என்று எழுதிக்கொண்டார்கள். சாயங்கால விமானத்திலும் இடம் இல்லை.

வைத்தி அங்கிருந்தே தந்தி அடித்தார். அது மறுநாள் கல்யாண மண்டபத்துக்கு வாழ்த்துத் தந்திகளோடு கட்டாகப் போய்ச் சேர்ந்தது. யாரோ ஒரு புத்திசாலி மைக்கைப் பிடித்து ஒவ்வொன்றாகப் படித்தவன், அதையும் படித்தான். 'விமானம் கிடைக்கவில்லை. வர இயலாது. வைத்தி.' பந்தியில் இருந்தவர்கள் சிரித்தார்களாம். ஜலஜாவைத் தோளில் தூக்கியது மாப்பிள்ளை வீட்டு வகையில் யாரோ ஒரு பருமனான ஆள். தங்கம் ஒரு போஸ்ட் கார்டு எழுதினாள். மீனாக்ஷி தன் ஒன்றுவிட்ட அண்ணா பிள்ளைக்கு ஜலஜாவைக் கேட்டு, தங்கம் தரமாட்டேன் என்று சொன்னதிலிருந்தே மீனாக்ஷிக்கு முகம் சரியில்லையாம், அவள்தான் வரவிடாமல் பிடித்து வைத்துக்கொண்டாள், இனிமேல் கடிதம் எழுத வேண்டாம். அவ்வளவுதான். அதற்கு மேல் மூன்று கடிதம் எழுதியும் பதில் இல்லை. அம்மா போன பிறகு அந்த வயிற்றில் பிறந்தவள் என்று அவருக்கு இருந்தது தங்கம் ஒருத்திதான்.

ராகு காலத்து விஷயத்தை வைத்தி எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. எழுதினால் அக்கா என்ன சொல்வாள் என்று அவருக்குத் தெரியும். பார்த்தாயா, அவள்தான் உட்கார வைத்தாள் என்பாள். மன்றத்துக்குக் கொடுத்த புகாரிலும் எழுதவில்லை. அங்கே எழுதினால் சிரிப்பார்கள்.

"சார், நான் சுத்தி வளைச்சுப் பேசலைங்க" என்றார் மாணிக்கவாசகம். "டிக்கெட் பணத்தை முழுசாத் திருப்பிக் கொடுத்துடறோம். மெட்ராஸ் போய்வர இன்னொரு டிக்கெட்டும் தர்றோம். அசௌகரியத்துக்கு வருந்தறோம்னு கம்பெனி லெட்டர் ஒண்ணு வரும். நீங்க புகாரை வாபஸ் வாங்கிக்கணும்."

"நான் லேட்டா வரலைன்னு அந்த லெட்டர்ல போடுவேளா?"

"அது மட்டும் முடியாதுங்க. எழுத்துல ஒத்துக்கிட்டா அப்புறம் சட்டப்படி நாங்க மாட்டிக்குவோம்."

"எனக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான்."

மாணிக்கவாசகம் டம்ளரைக் கீழே வைத்தார். கெட்ட மனிதர் இல்லை. முகத்தில் நிஜமாகவே சங்கடம் தெரிந்தது. கம்பெனி இப்போது தானாகவே பயணிகளுக்கென்று சில விதிகள் எழுதப் போகிறது, விமானம் தாமதமானால் சாப்பாடு, ரத்தானால் தங்க இடம், இடம் இல்லையென்றால் அடுத்த விமானம், எழுதுகிற கமிட்டியில் தானும் இருக்கிறேன் என்றார். "யாரும் கட்டாயப்படுத்தி எழுதலைங்க. நாங்களா மனசு வெச்சு எழுதறோம். கோர்ட்டு, சட்டம்னு போனா எல்லாரும் முறுக்கிக்குவாங்க."

"நீங்களா மனசு வெச்சா நீங்களா எடுத்துடவும் செய்யலாமே" என்றார் வைத்தி. சர்க்கார் ஆபீஸில் தேய்ந்த மனிதர் அல்லவா, இந்த ஒரு பாடம் அவருக்கு நன்றாகத் தெரியும். "இருந்தாலும் எழுதுங்கோ. எழுதறபோது ஒண்ணு சேர்த்துக்கோங்கோ. ஓகே டிக்கெட் வெச்சிண்டிருக்கறவனை ஏத்தலைன்னா, ஏன் ஏத்தலைங்கறதை அங்கேயே எழுதிக் கையில குடுக்கணும். அன்னிக்கு அது மட்டும் கிடைச்சிருந்தா நான் இந்த வெய்யில்ல மன்றத்துக்கு அலையமாட்டேன்."

மாணிக்கவாசகம் எழுந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டார். காப்பி நன்றாக இருந்தது என்று உள்பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

மன்றத்தில் விசாரணை ஜூலையில் வந்தது. புதுச் சட்டம், புது மன்றம், மேஜைக்கு இன்னும் வார்னிஷ் வாசனை போகவில்லை. வக்கீல் வேண்டாம், ஸ்டாம்ப் வேண்டாம், வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும் என்று ஆசை காட்டி வைத்தியை இதில் இழுத்துவிட்டவர் மாடி வீட்டு சுப்பு. அவரும் துணைக்கு வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தலைவர் ரிட்டயர் ஆன ஜட்ஜ், பஞ்சாபி, வெள்ளைப் புருவம். அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு மெம்பர்கள். கம்பெனி சார்பில் ஒரு வக்கீலும் அவருக்குப் பக்கத்தில் மாணிக்கவாசகமும் வந்திருந்தார்கள்.

வைத்தி தன் பஸ் டிக்கெட்டைக் கொடுத்தார். அதில் கிளம்பின நேரம் குத்தியிருந்தது. ஒன்பதுக்கெல்லாம் ஏர்போர்ட்டில் இருந்திருக்கிறேன் என்று நிரூபித்துவிட்ட திருப்தியில் நின்றார். வக்கீல் அந்தத் துண்டுச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். மிகவும் நல்லது, ஒன்பதுக்கே வந்துவிட்டார், ஆனால் கவுண்டரில் இவர் தலை தெரிந்தது மூடின பிறகு, நடுவில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எங்கே போயிருந்தார், பெட்டியும் டிக்கெட்டும் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பயணியாவது வாசலிலேயே உட்கார்ந்திருப்பானா, இந்தப் பஸ் சீட்டு வேறு யாருடையதாவது இருக்கும் என்று ஹிந்தியும் இங்கிலீஷுமாக அடுக்கினார்.

தலைவர் வைத்தியைப் பார்த்தார். "சொல்லுங்கள். எங்கே இருந்தீர்கள்?"

டீ குடிக்கப் போனேன் என்று சொல்லிவிடலாம். வயிறு சரியில்லை என்று சொல்லலாம். ஆனால் சத்தியப் பிரமாணம் செய்துவிட்டு நிற்கிறார். அதைவிடப் பெரிய கஷ்டம், இங்கே என்ன சொல்கிறாரோ அது தீர்ப்பில் ஏறும், அந்தத் தீர்ப்பைத்தான் அக்காவுக்கு அனுப்பப் போகிறார். எதற்காக இத்தனை மாதம் அலைந்தாரோ அதுவே மீனாக்ஷியின் தலையில் போய் விழும். சொல்லாவிட்டாலோ, 'தாமதமாக வந்தவர்' என்பது சர்க்கார் முத்திரையோடு நிலைத்துவிடும். பின்னால் சுப்பு தொண்டையைச் செருமினார்.

"ராகு கால்" என்றார் வைத்தி ஹிந்தியில். "பெட்டியில் கல்யாணப் புடவை இருந்தது. அந்த நேரம் முடிகிறவரை கொடுக்கக்கூடாது என்று என் மனைவி சொன்னாள். வாசலில் உட்கார்ந்திருந்தேன்."

வக்கீல் வாய்விட்டே சிரித்தார். மெம்பராக இருந்த அம்மாள்கூடக் கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டாள். வைத்திக்குக் காது சுட்டது. இத்தனை வருஷ சர்வீஸில் இப்படி ஒரு நாள் அவர் பட்டதில்லை. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மாணிக்கவாசகத்தைப் பார்த்து, நீங்களும் மதராஸிதானே என்று கேட்டார். ஆமாம் என்று அவர் எழுந்தார்.

"உங்கள் பக்கத்தில் இப்படிச் செய்வார்களா?"

மாணிக்கவாசகம் தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் இலேசாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்பதுபோல. மாணிக்கவாசகம் அந்தப் பக்கத்திலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டு, "செய்வார்கள்" என்றார்.

"சனிக்கிழமை அது எப்போது முடியும்?"

"பத்தரைக்கு."

"முடிந்த பிறகும் உட்கார்ந்திருப்பார்களா?"

"உட்கார மாட்டார்கள். அதற்காகவே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முடிந்தவுடன் எழுந்துவிடுவார்கள். என் வீட்டிலும் அப்படித்தான்."

"உங்கள் கவுண்டர் மூடுவது எப்போது?"

"பத்தே முக்காலுக்கு" என்றார் மாணிக்கவாசகம். வக்கீல் கையில் இருந்த பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த நம்பிக்கை சரியா தவறா என்பது இந்த மன்றத்தின் வேலை இல்லை, அந்த மனிதர் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார் என்பதுதான் வேலை, அதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது என்றார்.

வெளியே வந்ததும் படிக்கட்டில் மாணிக்கவாசகம் பிடித்துக்கொண்டார். "உங்களால எனக்கு ஆபீஸ்ல நல்ல பூசை இருக்கு சார்" என்றார். வருத்தமாகச் சொன்ன மாதிரியும் இல்லை. வைத்தி அவரையும் சுப்புவையும் கூட்டிக்கொண்டு இறங்கினார். கீழே பெல்பூரி விற்கிறவனிடம் ஆளுக்கொரு பொட்டலம் வாங்கி மூன்று பேரும் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள்.

தீர்ப்பு ஆகஸ்டில் கைக்கு வந்தது. ஏதோ ஒரு தொகையைக் கொடுக்கச் சொல்லியிருந்தது. அதை வைத்தி இரண்டாம் முறை படிக்கவில்லை. அவர் தேடிய வரி மூன்றாம் பக்கத்தில் இருந்தது. 'மனுதாரர் கவுண்டர் மூடுவதற்கு முன்பே வந்து நின்றார் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை.' அதற்கு முந்தின வரியும் இருந்தது. 'தம் மனைவியின் சொற்படி ராகு காலம் முடியும்வரை அவர் வெளியே காத்திருந்ததாகக் கூறுவதை நம்புகிறோம்.'

அக்காவுக்கு இங்கிலீஷ் வராது. தமிழில் எழுதி, அசலின் நகலையும் வைத்து அனுப்புவதாக ஏற்பாடு. வைத்தி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். அந்த முந்தின வரிக்கு வந்ததும் பேனா நின்றது. அதை விட்டுவிட்டு எழுதிப் பார்த்தார். விட்டால், வக்கீல் கேட்ட கேள்வியையே அக்காவும் கேட்பாள். ஒன்பதுக்கு வந்தவன் பத்தரை வரைக்கும் என்ன பண்ணினாய் என்பாள். எழுதினால் கேள்வி வராது, ஆனால் அவள் கோபத்துக்கு மீனாக்ஷி என்று ஒரு நிரந்தர விலாசம் கிடைத்துவிடும். பேனாவை மூடுவதும் திறப்பதுமாக வைத்தி உட்கார்ந்திருந்தார். கூலர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

மீனாக்ஷி கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே, "எழுதினதைப் படிங்கோ, கேக்கறேன்" என்றாள். வைத்தி அந்த வரியைத் தாண்டிப் படித்தார். பார்லிமெண்ட் செக்‌ஷனில் எத்தனையோ பதில்களில் எத்தனையோ வரிகளை நாசூக்காகத் தாண்டியவர்தான். இங்கே குரல் தடுக்கிற்று.

"அந்த வரியையும் படிங்கோ" என்றாள் அவள்.

"எந்த வரி?"

"என்னைப் பத்தினது. சுப்பு மாமா அன்னிக்கே சொல்லிட்டார். வக்கீல் சிரிச்சாராமே." அவள் கத்தியை வைத்துவிட்டுப் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு வருஷமா அந்த பெஞ்சுதான் என் கண்ணு முன்னாடி நிக்கறது. நான் வாயை மூடிண்டு இருந்திருந்தா நீங்க ஒன்பது மணிக்கே உள்ள போயிருப்பேள். நீங்க ஒரு வார்த்தை என்னைக் குத்திச் சொல்லலை. அதுதான் தாங்கலை. அதையும் சேர்த்து எழுதுங்கோ."

"அக்கா உன்னை சும்மா விடமாட்டா."

"இப்போ மட்டும் விட்டுண்டா இருக்கா? இத்தனை நாள் காரணம் இல்லாம திட்டினா. இனிமே காரணத்தோட திட்டட்டும், எனக்கும் கொஞ்சம் நிம்மதியா இருக்கும்."

வைத்தி எழுதினார். எழுதி முடித்துக் கவரை ஒட்டும்போது கண் கலங்கிற்று. கூலர் காற்று என்று சொல்லிக்கொண்டார்.

பதில் வரவில்லை. செப்டம்பர் பாதி போயிற்று. தபால்காரனைப் பார்த்து வைத்தி, "பையா, குச் ஹை?" என்று ஹிந்தியில் தபால் விசாரிப்பதையும் நிறுத்திக்கொண்டார். தன் பெண்ணை விமானம் ஏற்றிவிட்டு வந்த சுப்பு மட்டும் ஒரு சேதி கொண்டுவந்தார். கவுண்டருக்கு மேலே புதிதாக ஒரு போர்டு வைத்திருக்கிறார்களாம், பயணிகளுக்குக் கம்பெனி தானாகவே தரும் உறுதிகள் என்று. கடைசி வரி, இடம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறலாம் என்பது. "உம்ம வரிதான் ஓய்" என்றார் சுப்பு. வைத்திக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அக்காவிடமிருந்து ஒரு வரி வந்திருந்தால் இதைவிடச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுப்பு மாடிக் கைப்பிடியிலிருந்து எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார். அந்தப் பிளாக்கில் டெலிபோன் அவர் வீட்டில்தான். "மாயவரத்துலேர்ந்து டிரங்க் கால். ஜல்தி வாங்கோ."

வைத்தி செருப்புக்கூடப் போடாமல் ஏறினார். பின்னாலேயே மீனாக்ஷியும் வந்து வாசற்படியில் நின்றுகொண்டாள். ரிசீவரில் இரைச்சல், இரைச்சலுக்கு நடுவில் தங்கத்தின் குரல். வருஷம் ஒன்று ஆயிற்று அந்தக் குரலைக் கேட்டு. "அக்கா" என்றார்.

"சௌக்கியமா இருக்கியா?" என்றாள் தங்கம். அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "மீனாக்ஷி இருக்காளா? அவகிட்ட குடு."

வைத்தி ரிசீவரை நீட்டினார். மீனாக்ஷி அதை இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கத்திலிருந்து பேச்சு வந்துகொண்டே இருந்தது. உரத்த குரல்தான், ஆனால் வார்த்தை பிரியவில்லை. மீனாக்ஷி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "சரிக்கா" என்றாள். கொஞ்சம் கழித்து மறுபடி, "சரிக்கா, நாள் பாத்துண்டு கிளம்பி வரோம்". ஆபரேட்டர் குறுக்கே ஏதோ சொல்ல, அவள் தலையைச் சாய்த்து ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டாள். சுப்பு வீட்டுச் சுவரில் தொங்கின காலண்டரில் செப்டம்பரைத் தூக்கினாள். அடுத்த மாதத்தின் மேல் அவள் விரல் மெதுவாக இறங்கியது. அன்று காலையில் நறுக்கின கத்திரிக்காய்க் கறை இன்னும் போகாத விரல் ஒரு சனிக்கிழமைக்கு வந்து, அதைத் தாண்டிப் போயிற்று.